ராயபுரத்துப் பெட்டியும் ஒரு சிவப்புப் பேரும்

போன ஐப்பசியில், விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு நாள், காலடிப்பேட்டையில் இருக்கும் என் கடைக்கு ஒரு தம்பி வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர், வீடு ராயபுரம் பனைமரத்தொட்டிப் பக்கம். பழைய லுங்கியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு இரும்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பைக் டேங்குக்குக் கையால லைன் போடுறது நீங்கதானே?"

"ஆமா தம்பி, உக்காருங்க."

"இது டச்சுப் பெட்டிண்ணே. அசலான்னு நீங்க பாத்து ஒரு லெட்டர் குடுக்கணும்."

டச்சு என்றதும் எனக்குப் பழவேற்காடுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம். மண்டை ஓடு செதுக்கிய அவர்கள் கல்லறைகள் இன்னும் அங்கே நிற்கின்றன. அந்தக் காலத்துச் சாமானாக இருக்குமோ என்று நினைத்தபடி லுங்கியைப் பிரித்தேன். மூடியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றரை அடி நீளம், கரும்பச்சை. மெக்கானிக் வைத்துக்கொள்ளும் டூல் பாக்ஸ். மூடியின் மேல் வெளிர்மஞ்சளிலும் வான நீலத்திலும் கோடுகள். நடுவில் ஒரு ஈட்டி முனைபோல எழும்பி, இரண்டு பக்கமும் பிரிந்து, வளைந்து, ஒன்றையொன்று கடந்து, கடைசியில் மயிரிழையாகக் கரைந்து போகும் கோடுகள். அதற்குக் கீழே, சாய்ந்த ஆங்கில எழுத்தில், சிவப்பாக, "வான் டச்".

இந்தப் பேர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் டச்சுக்காரர் இல்லை. கென்னத் ஹோவர்ட் என்பது இயற்பெயர். 1929-ல் பிறந்து 1992-ல் காலமான கலிபோர்னியாக்காரர். சின்ன வயசிலிருந்தே டச்சுக்காரர்போலப் பிடிவாதக்காரர் என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பேர்தான் டச் என்று சொல்வார்கள். 1950-களில் அங்கே பழைய கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, ஆளுக்கு ஒரு தினுசாக மாற்றி ஓட்டும் பைத்தியம் பிடித்திருந்தது. அந்தக் கார்களிலும் பைக்குகளிலும் கையால் கோடு இழுப்பதை ஒரு தனிக் கலையாகத் திரும்பக் கொண்டுவந்தவர் இவர். எலி பொம்மை வரைந்து உலகப் புகழ் பெற்ற எட் ராத் கூட கோடு போடுகிறவராகத்தான் தொடங்கினார். இறக்கை முளைத்த ஒற்றைக் கண் ஒன்று சட்டைகளிலும் ஸ்டிக்கர்களிலும் பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வான் டச்சின் அடையாளம்.

எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். காரணம், அவருடைய அப்பாவும் போர்டு எழுதுகிறவர். என் நைனாவும் போர்டு எழுதுகிறவர். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் லாரி செட்டு செட்டாக ஏறி இறங்கி, "ஒலி எழுப்பவும்" தொடங்கி முதலாளி பிள்ளைகள் பேர்வரை எழுதியவர். நான் பிரஷ் பிடித்ததே அவர் காலடியில் உட்கார்ந்துதான். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் புல்லட் டேங்குக்குக் கையாலேயே தங்கக் கோடு போடுவார்கள் என்று நைனா சொல்லிச் சொல்லி, அந்த ஆசையில் நானும் டேங்குக்கு மாறினேன். ஸ்டிக்கர் கட்டிங் மிஷின் வந்து போர்டு வேலையைத் தின்றபிறகு, சோறு போடுவது இந்தக் கோடுகளும், காசிமேட்டுப் படகுகளுக்கு எழுதும் பேர்களும்தான்.

ஆக, பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, ஆசை. அசலாக இருக்கவேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவனின் ஆசைதான் இந்த வேலையில் முதல் எதிரி.

தம்பி கதையைச் சொன்னார். பெட்டி அவர் தாத்தாவுடையது. தாத்தா சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர், அமெரிக்கத் துறைமுகம் எதிலோ வாங்கியது. தாத்தா போனபிறகு கட்டிலுக்கடியில் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு வருஷம் முன்பு பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு தரகர் பார்த்துவிட்டு, சுத்தம் செய்து தருகிறேன் என்று எடுத்துப்போய் நாலு மாசம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது, "அழுக்குக்கு அடியில இந்தப் பேர் இருந்துச்சு, பத்து லட்சத்துக்குக் குறையாது, கைவேலை தெரிஞ்ச ஒருத்தர் லெட்டர் மட்டும் வேணும், பாதிப் பாதி" என்றாராம். தம்பிக்கு வீட்டு லீஸுக்குப் பணம் தேவை. முகத்தில் அது தெரிந்தது.

"ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும். ஆனா என்ன தெரியுதோ அதத்தான் எழுதுவேன்" என்றேன்.

முதலில் பெட்டியின் வயசு. மூடியின் உள்பக்கம் ஒரு கடையின் ஸ்டிக்கர், பாதி கிழிந்தது. கடைப் பேர் போய்விட்டது. மிச்சம் இருந்தது வில்மிங்டன், கலிஃப். வில்மிங்டன் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. மாநிலத்தின் பேரை "கலிஃப்" என்று போட்டிருந்தது, பின்னால் ஐந்து இலக்க ஜிப் கோடு இல்லை. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963 ஜூலையில். மாநிலத்தை இரண்டே எழுத்தில் சுருக்கும் வழக்கமும் அந்த வருஷம்தான் வந்தது. நம்மூரில் பழைய தகர போர்டில் "மெட்ராஸ்-21" என்று மட்டும் இருந்தால், பின்கோடு வந்த 1972-க்கு முந்தியது என்று நான் மனசுக்குள் கணக்குப் போடுவேனே, அதே கணக்கு. கடைக்காரர் பழைய ஸ்டிக்கரைத் தீரும்வரை ஒட்டுவார் என்பதால் இது முடிந்த சாட்சி ஆகாது. ஆனால் வயசும் இடமும் ஒத்துப்போனது. ஆசை இன்னும் ஏறியது.

அடுத்து கோடுகள். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இது என் வீடு.

கோடு போடும் லைனர் பிரஷ்ஷில் அணில் முடி, இரண்டு அங்குல நீளத்துக்கு, வாள்போலச் சரிவாக வெட்டியிருக்கும். கைப்பிடி கட்டை விரல் அளவுதான். எனாமலில் தோய்த்து, வழவழப்பான காலண்டர் தாளில் இப்படியும் அப்படியும் இழுத்துப் பதம் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை ஊன்றி இழுப்போம். மணிக்கட்டு அசையாது, தோளிலிருந்து வரும். அப்படிப் போட்ட கோட்டை லென்ஸில் பார்த்தால் தட்டையாக இருக்காது. நடுவில் லேசாக மேடு தட்டி, ஓரங்கள் உருண்டு இறங்கும், மழைநீர் தரையில் நிற்பதுபோல. முடிகள் போன தடம் மெல்லிய வரிகளாகக் கோட்டின் நீளத்துக்கும் ஓடும். பிரஷ் வைத்த இடம் கொஞ்சம் கொழுத்திருக்கும், எடுத்த இடம் ஊசியாக முடியும். பெயிண்ட் தீர்ந்து மறுபடி தொடர்ந்த இடத்தில், இரண்டு இழுப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நிறம் ஒரு சாயல் கூடியிருக்கும். அந்த ஒட்டு எங்கே வருகிறது என்பதை வைத்தே போட்டவர் கை எவ்வளவு நீண்ட மூச்சுக்காரர் என்று சொல்லிவிடலாம்.

பெட்டி மூடியில் எல்லாம் இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். ஒன்பது அங்குல வளைவு ஒன்று, ஒரே இழுப்பு, ஒட்டே இல்லை. எனக்கு அதைப் போட முப்பது வருஷம் ஆகியும் பத்துக்கு ஏழு முறைதான் வரும். நீலத்துக்கு அடியில் வெளிர்மஞ்சள், அதற்கும் அடியில் பென்சில் குறி ஒன்றே ஒன்று, நடுக்கோட்டுக்கு மட்டும். மீதியெல்லாம் கண் அளவு. எனாமல் வயசாகி, மீன் வலைபோல நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தது, வெடிப்புக்குள் பழைய அழுக்கு. யாரோ ஒரு மகா வேலைக்காரர்.

பிறகு லென்ஸைக் கீழே இறக்கி, பேருக்கு வந்தேன்.

பார்த்த மாத்திரத்தில் வயிறு சுருங்கியது. எழுத்தின் ஓரம் உருண்டு இறங்கவில்லை. கத்தியால் வெட்டியதுபோல நேராக நின்று, விளிம்பில் வயல் வரப்புபோலச் சிறு மேடு. ஸ்டென்சில் ஒட்டி மேலே பெயிண்ட் அடித்து, அந்த ஸ்டென்சிலை உரிக்கும்போது விளிம்பில் பெயிண்ட் இப்படித்தான் எழும்பி நிற்கும். உள்ளே முடித்தடம் ஒன்றுகூட இல்லை. எங்கும் ஒரே கனம், வைத்த இடமும் இல்லை, எடுத்த இடமும் இல்லை. பெட்டிக் கீலைத் திறந்து பார்த்தேன். கீல் கம்பியின்மேல் சிவப்புத் தூசி, கோலப்பொடி சிந்தியதுபோல. பிரஷ்ஷில் எழுதினால் தூசி பறக்காது. அது ஸ்பிரே.

ஒரு சாட்சியோடு முடிவு கட்டக்கூடாது. அதனால் கள்ளநோட்டு பார்க்கும் நீல டார்ச்சை இருட்டில் அடித்தேன். மூடி முழுக்க மங்கலான மஞ்சள் படர்ந்தது, பேர் மட்டும் கறுத்துத் தனியாகத் தெரிந்தது. சிவப்புக்குச் சிவப்பு வித்தியாசம் உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. அடுத்து வெடிப்பு. கோடுகளில் ஓடிய மீன்வலை வெடிப்பு பேரின் விளிம்புவரை வந்து நின்றது. சிவப்பு அந்த வெடிப்புக்குள் இறங்கி நிரப்பியிருந்தது. மூடியின் குறுக்கே ஆழமான கீறல் ஒன்று, தகரம் தெரிந்து துருப்பிடித்தது. அந்தத் துருவின்மேலேயே 'டி' எழுத்தின் வயிறு உட்கார்ந்திருந்தது. அப்படியானால் பெட்டி விழுந்து, கீறி, துருப்பிடித்தபிறகுதான் அந்தப் பேர் வந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். 2004 வாக்கில் பர்மா பஜாரில் இந்தப் பேர் போட்ட தொப்பிகள் கொட்டிக்கிடந்தன. வான் டச் போனபிறகு அவர் மகள்கள் பேரின் உரிமையை விற்றார்கள், அதை வாங்கியவர்கள் துணிக் கம்பெனி தொடங்கினார்கள், அந்தத் தொப்பி உலகம் முழுக்கப் போனது. தொப்பியில் இருக்கும் எழுத்தை ஜெராக்ஸ் கடையில் கண்ணாடி ஷீட்டில், பெட்டியில் இருக்கும் அதே அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, மூடிமேல் வைத்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லாமல் உட்கார்ந்தது. கையால் எழுதுகிறவன் தன் பேரையே இரண்டு தரம் ஒரே மாதிரி எழுதமாட்டான். நைனா ஒரே லாரியின் இரண்டு கதவில் எழுதிய 'ழ'கூட ஒன்றுபோல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு நானே ராயபுரம் போனேன். தம்பி வீட்டில் அவர் ஆயா இருந்தார். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கல். ஆனால் பெட்டியை மடியில் வைத்ததும் விரலால் தடவி, கீறலில் வந்து நிறுத்தினார்.

"தோ, இது. சின்னவன் வயித்துல இருக்கும்போது விழுந்தது. கல்லுப் படிமேல."

சின்னவர், தம்பியின் சித்தப்பா, 1976-ல் பிறந்தவர். தாத்தாவின் கப்பல் புத்தகம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கடைசியாகக் கப்பலைவிட்டு இறங்கியது 1975. அதற்கப்புறம் பெட்டி ராயபுரத்தைத் தாண்டவில்லை, தரகர் எடுத்துப்போகும்வரை.

"ஆயா, மூடிமேல பேர் ஏதாவது எழுதியிருந்துதா?"

"பேரா? இன்னா பேரு? கோடுதாம்பா இருந்துது. உங்க தாத்தா தொடச்சிகினே இருப்பாரு" என்று பேரனைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "போட்டோ கீதே" என்றார்.

இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. பின்னால் மைப்பேனாவில் 1969. வாசல் படியில் தாத்தா, வெள்ளைச் சட்டை, முழங்கால்மேல் பெட்டி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். லென்ஸை வைத்தேன். ஈட்டி முனை இருக்கிறது. வளைவுகள் இருக்கின்றன. கீறல் இல்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை, வெயில் பட்டு மினுங்குகிறது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. லென்ஸை வாங்கிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணே, அந்தாளு உங்களுக்கு அம்பதாயிரம் தரச் சொன்னாரு லெட்டருக்கு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷன்மேல் வந்த கோபம் இன்னும் இருக்கிறது. ஏழை வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த நல்ல பொருளை எடுத்துப்போய், அதன்மேல் பொய்யை அடித்து, அந்த வீட்டுப் பிள்ளையையே பொய்க்குக் காவலாக நிறுத்தியிருக்கிறார்.

லெட்டர் எழுதினேன். ஒரு பக்கம். பெட்டி 1969-க்கு முந்தியது, கோடுகள் அணில் முடி பிரஷ்ஷால் எனாமலில் கையால் போட்டவை, மிக உயர்ந்த வேலை. பேர் சமீபத்தில் ஸ்டென்சில் வைத்து ஸ்பிரே அடித்தது, பெட்டியோடு பிறந்தது அல்ல. பேர் பொய் என்பதால் கோடும் வான் டச்சுடையது இல்லை என்று ஆகிவிடாது. அதேபோல, அவருடையதுதான் என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு சாட்சியும் இல்லை. தாத்தா யாரிடம் வாங்கினார் என்ற ஒரு வரி எங்கேயாவது இருந்தால் கதை வேறு. ரசீது, கடிதம், அந்த ஊர் ஆள் ஒருவரோடு எடுத்த படம், ஏதாவது ஒன்று. பொருளைவிடப் பொருள் கைமாறி வந்த வழிதான் பேரைச் சொல்லும். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

ஆயாதான் பேரை எடுத்துவிடச் சொன்னார். "யாரோ பேரு நமக்கு எதுக்குபா." எடுத்தால் தரகரின் வேலைக்குச் சாட்சி போய்விடும் என்பதால், முதலில் லென்ஸ் வழியாக எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தம்பி போனில் ஏற்றினேன். பிறகு காதுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு 'ஹெச்' எழுத்தின் வால் நுனியில் வைத்தேன். ஒரு நிமிஷத்தில் பஞ்சு சிவந்தது. பக்கத்தில் வெளிர்மஞ்சள் கோட்டின் ஓரத்தில் அதே ஸ்பிரிட், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஐம்பது வருஷத்துக்குமேல் காய்ந்த எனாமல் அசையவில்லை. மூன்று சாயங்காலம், நூற்றுக்குமேல் காதுக்குச்சி. வெடிப்புக்குள் இறங்கிய சிவப்பை மட்டும் மூங்கில் குச்சியைச் சீவி, ஊசியாக்கி எடுத்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். இடது பக்க மூன்றாவது வளைவின் கீழே சின்ன இலை ஒன்று. வலது பக்கமும் அதே இடத்தில் ஒன்று. வடிவத்துக்காகப் போட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சிவப்பு போனபிறகு லென்ஸைச் சாய்த்து வெளிச்சம் விட்டால், இடது இலை மட்டும் நடுவில் புடைத்திருக்கிறது. அடியில் ஒரு சொட்டு. பிரஷ்ஷில் பெயிண்ட் அதிகமாகி அங்கே ஒரு துளி சொட்டியிருக்கிறது. அவர் அதைத் துடைக்கவில்லை. துளியை இழுத்து இலையாக்கி, பிறகு வலது பக்கம் போய், சொட்டாத இடத்தில் ஜோடிக்கு இன்னொரு இலை போட்டிருக்கிறார். வலது இலை தட்டையாக, சுத்தமாக இருக்கிறது.

நைனா இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு லாரி முகப்பில் வழிந்த சொட்டைக் கிளியாக்கி, அந்தப் பக்கம் இன்னொரு கிளி போட்டார். முதலாளி இரண்டு கிளிக்கும் சேர்த்து அஞ்சு ரூபாய் கூடக் கொடுத்தார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தம்பியின் சுட்டுவிரலைப் பிடித்து முதலில் இடது இலைமேல் வைத்தேன், அப்புறம் வலது இலைமேல். "தெரியுதா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இடதுக்கு வந்தார். "மேடா கீதுண்ணே" என்றார். ஆயா தன் கையையும் நீட்டினார்.